படம் உங்களுக்கு, உரிமை எனக்கு

விற்ற பிறகும் விற்காதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டை விற்றுப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வந்து, "ஜன்னலுக்கு இந்த நீலத்தையா அடிச்சீங்க?" என்று வாசலில் நின்று வருத்தப்படுகிறவர் இந்த இனம். பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டு, வாங்கியவர் தெருவில் ஓட்டிப் போகும்போது, "கிளட்சை மெதுவா விடுங்க!" என்று பின்னாலேயே கத்துகிறவரும் இந்த இனம்தான். பாவம், அவர்களுக்கெல்லாம் சட்டம் துணை இல்லை. கத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சட்டமும் துணைக்கு வந்துவிட்ட ஒருவர் உண்டு. அவர்தான் ஓவியர். அதிலும், 'உரிமை' என்ற சொல் ஒருமுறை காதில் விழுந்துவிட்ட ஓவியர்.

நமது ஓவியர் பிறவியிலேயே அப்படி இல்லை. ஐம்பது வயது வரை நல்ல மனிதராகத்தான் இருந்தார். கேட்டவர்களுக்குப் படம் கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். பிறகு ஒருநாள், காப்பி இலவசம் என்பதால், கலைஞர்களுக்காக ஒரு வக்கீல் நடத்திய கூட்டத்துக்குப் போனார். அங்கே வக்கீல் சொன்னார்: படத்தை விற்றாலும், அதைப் பிரதி எடுக்கும் உரிமை, எழுதிக் கொடுத்தாலொழிய, வரைந்தவரிடமே இருக்கும். வாங்குகிறவருக்குத் துணி, பிரேம், சுவரில் மாட்டிப் பார்த்துக்கொள்ளும் சுகம், அவ்வளவுதான். போஸ்டர், காலண்டர், புத்தக அட்டை எல்லாம் வரைந்தவர் சரியென்றால்தான். ஓவியர் கையிலிருந்த காப்பியைக் குடிக்க மறந்துபோனார். வக்கீலிடம் பதினோரு கேள்வி கேட்டார். பன்னிரண்டாவதைக் கேட்க வாகனம் நிறுத்துமிடம் வரை கூடவே போனார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. கண்காட்சி என்றால் மற்ற ஓவியர்கள் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இவர் பார்க்க வந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். கைக்குட்டை எடுக்கப் போகிற கைக்குத் தோள் தாழும், போன் எடுக்கப் போகிற கைக்கு முழங்கை விலகும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முழங்கை விலகியதோ இல்லையோ, "போட்டோ எடுக்கக் கூடாது!" என்று காதருகே ஒரு குரல் வெடிக்கும். ஒரு தடவை அப்படி வெடித்ததில் ஒரு பெண்மணி போனைக் கீழே போட்டுவிட்டார். அவர் அம்மாவிடமிருந்து வந்த அழைப்பை எடுக்கப் போனாராம்.

இணையதளத்தில் படம் போடுவார். போடாமல் இருக்க முடியுமா? ஆனால் படத்தைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கி, அதன் குறுக்கே தன் பெயரை ஏழு தடவை எழுதிப் போடுவார். அவர் மனைவி ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏங்க, உங்க பேருக்குப் பின்னாடி என்னவோ மங்கலா தெரியுதே, அது என்ன?"

"அதுதான்டி படம்!"

சரி, யாராவது திருட வந்தார்களா என்று கேட்கிறீர்கள். அங்கேதான் இருக்கிறது வேதனை. ஒருவர்கூட வரவில்லை. வாசலில் தடியோடு காவல் இருந்தார். திருடனுக்கு அந்தத் தெருவே தெரியாது. இருபத்திரண்டு வருடமாகப் படம் வரைந்தும், கடைத்தெருவில் நின்றால் அவரை அடையாளம் கண்டு வணக்கம் சொல்ல ஆள் இல்லை. "எவனாவது ஒருத்தன் திருடினாதான் என்ன? நல்லா இருக்குன்னாவது அர்த்தம்" என்று ஒருநாள் அவரே சவரக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டு, அந்தக் கேவலத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

இந்த இருபத்திரண்டு வருடத்தில் நூற்றுச் சொச்சம் படம். அதில் ஒன்றே ஒன்று நன்றாக அமைந்துவிட்டது. அமைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அது அவருக்கே தெரியும். மழையில் நிற்கிற பஸ். ஜன்னலோர இருக்கையில் ஒருவர், மடியில் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார். கன்னம் டயரில் அழுந்தியிருக்கிறது. கண்ணாடியில் வழிகிற தண்ணீரின் நிழல் அவர் கையில் விழுகிறது. அவ்வளவுதான். அதன் முன்னால் வந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம், "எங்க சார் பார்த்தீங்க இந்த ஆளை?" என்று கேட்பார்கள். ஓவியர் கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு மழை நாள்... பஸ்ல போயிட்டிருந்தேன்..." என்று ஆரம்பிப்பார்.

அவர் பஸ்ஸில் போகவில்லை. மழை நாளில் அவர் வீட்டைவிட்டு இறங்கவே மாட்டார்; இறங்கினால் தும்மல் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் போனவர் அவர் மனைவி. கணக்கு டீச்சர். தினமும் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகிறவர். எதிர் இருக்கையில் கண்டதைப் போனில் எடுத்து வந்து, "இதைப் பாருங்களேன்" என்று ஆசையாகக் காட்டினார். ஓவியர் பார்த்தார். "எனக்கு அனுப்பு" என்றார். சன்னலுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் வரைந்தார். உழைப்பு அவருடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஜன்னல், அந்தத் தூக்கம், டயரில் அழுந்திய அந்தக் கன்னம் எல்லாம் டீச்சர் கண்ணில் பட்டவை. அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று பதினோரு கேள்விக்காரருக்குத் தோன்றவில்லை. குடும்பத்துக்குள் என்ன உரிமை, என்ன பிரதி? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

அந்தப் படத்தை ஒரு பல் டாக்டர் வாங்கினார். சாது மனிதர். ஒரு பல்லைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுகிறவர். காத்திருக்கும் அறையில் மாட்டினால் வருகிறவர்கள் பயம் மறந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று ஆசைப்பட்டார். ஓவியர் அவர் கையில் படத்தைக் கொடுப்பதற்கு முன்னால் நாலு பக்க ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தார். அதன் ஒன்பதாம் பிரிவு இப்படி இருந்தது: 'எந்தச் சூழ்நிலையிலும், எவராக இருப்பினும், இப்படைப்பைப் புகைப்படம் எடுக்கவோ, எடுக்க அனுமதிக்கவோ கூடாது.'

டாக்டர் நாலு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார்.

"சார், ரெண்டு மூணு எடத்துல சிலைன்னு வருதே? சிலையைத் தண்ணி ஊத்திக் கழுவக் கூடாதுன்னு..."

"அது இருக்கட்டும் டாக்டர். பாதுகாப்புக்குத்தான்."

டாக்டர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

படத்தை அனுப்புவதற்கு முந்தின நாள், நமது ஆள் தன் கெட்டிக்காரத்தனத்தின் உச்சிக்கு ஏறினார். படத்தை நன்றாக ஒரு போட்டோ எடுத்தார். அதைத் தபால் தலையாக்கினார். குறுக்கே பெயரை ஏழு தடவை போட்டார். சேமிக்கப் போனபோது, பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கலாமா என்று கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்டது. கம்ப்யூட்டருக்கு இருந்த யோசனைகூட இவருக்கு இல்லை. சுத்தமான பிரதி உலகத்திலேயே இல்லையென்றால் எவன் திருடுவான்? வை என்று அழுத்தினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இவ்வளவு நிம்மதியான முகத்தோடு உட்கார்ந்த ஒருவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, போன் வந்தது. பேசியவர் ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர். பெண். கடைவாய்ப் பல் பிடுங்கிய வாயோடு பேசினார்.

"சார், பல் டாக்டர் கிளினிக்ல உங்க படம் பார்த்தேன். என் போனை வாங்கி டிராயர்ல வெச்சுட்டுத்தான் திரையை விலக்கினாங்க. ஊசி போட்ட வலியே தெரியலை சார். ஒரு நாவல் போடுறோம். அதுக்கு அட்டைப்படமா இதைத் தருவீங்களா? உங்க பேரு போட்டுடுவோம்."

ஓவியர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவர் படத்தைத் தேடி வந்து கேட்கிறார். புத்தகக் கடைகளில், நூலகங்களில், யார் யாரோ மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். ஆனந்தத்தில் அழுதிருக்க வேண்டும். ஆனால் வியாதி முந்திக்கொண்டது.

"எந்த அளவுல போடுவீங்க? எத்தனை காப்பி? முதுகு அட்டைக்கும் சுத்தி வருமா?"

"ரெண்டாயிரம் காப்பி சார். முன் அட்டையில மட்டும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க. அச்சுக்குப் போகணும். வரலைன்னா ஒரு பூச்சாடி படம் ரெடியா இருக்கு, அதைப் போட்டுடுவோம்."

ஓவியர் அனுப்பினார். தன்னிடம் இருந்ததை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'சார், இதைப் பெருசாக்கினா உங்க பேரு மட்டும்தான் தெரியுது.'

உரிமை முழுக்க அவரிடம் இருந்தது. படம் முழுக்க டாக்டரிடம் இருந்தது. நடுவில் இருந்தது ஒரு பூச்சாடி.

வியாழக்கிழமை காலை, தெருமுனை ஸ்டுடியோக்காரரின் காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். காத்திருக்கும் அறையில் ஐந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் படத்துக்கு முன்னால் பச்சைத் துணித் திரை. பக்கத்தில், போனை ஒப்படைத்தால் திரை விலக்கப்படும் என்று ஓர் அறிவிப்பு. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டார். உள்ளே போய் ஒப்பந்தம் இருந்த ஃபைலை எடுத்து வந்தார்.

"ஒன்பதாம் பிரிவு சார். 'எவராக இருப்பினும்.'"

"டாக்டர், அந்த எவர்ல நான் வரமாட்டேன். நான் வரைஞ்சவன்!"

"அப்படி எழுதலையே சார். ஓவியர் நீங்கலாகன்னு ரெண்டு வார்த்தை போட்டிருந்தீங்கன்னா முடிஞ்சிருக்கும்." டாக்டர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "கிளினிக் ஆரம்பிச்சு பத்து வருஷம் ஆச்சுன்னு போன மாசம் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கிட்டோம் சார். இந்தப் படம் ஓரத்துலகூட விழுந்துடக் கூடாதேன்னு பாத்ரூம் கதவுக்கு முன்னாடி நின்னோம். எங்கம்மாவுக்கு அதைத்தான் அனுப்பினேன். ஏன்டா அங்க நிக்கிறேன்னு கேட்டாங்க."

கன்னத்தைப் பிடித்திருந்த ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சரி டாக்டர், தப்பு என்னுதுதான். இப்ப மாத்திடுவோம். நீங்க ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து."

"அதுக்கும் பிரிவு இருக்கு சார்." டாக்டர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். "'இவ்வொப்பந்தத்தில் எந்தத் திருத்தமும் சிற்பியின் எழுத்து மூலமான சம்மதத்துடன் மட்டுமே செய்யப்படும்.' யாரு சார் இந்தச் சிற்பி? எங்க இருக்காரு? அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? ஓவியர் காமிராவின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். அந்த நாலு பக்க ஒப்பந்தம் எங்கோ ஒரு சிற்பி தன் சிலைகளுக்காக உட்கார்ந்து எழுதி இணையத்தில் வைத்திருந்தது. நமது ஆள் அதை அப்படியே எடுத்து, சிற்பி என்று வந்த இடத்திலெல்லாம் ஓவியர் என்று மாற்றிக்கொண்டே வந்தார். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது வாசலில் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. எழுந்து போய்த் திரும்பி வந்தவர் நாலாம் பக்கத்திலிருந்து தொடர்ந்தார்.

"அது... வேற ஒருத்தர் எழுதினது டாக்டர். அதைப் பார்த்து நான்..."

"ஓ! அவரைக் கேட்டு எடுத்தீங்களா?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. டாக்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்ல."

"அடியில அவர் பேரு இருந்திருக்குமே?"

"எடுத்துட்டேன்."

வாயில் பஞ்சு வைத்திருந்த ஒரு பெரியவர், வலியையும் பொருட்படுத்தாமல், கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். ஓவியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன செய்வது? "என்னை மாதிரி ஒரு புத்திசாலியை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க" என்று அறைக்குப் பொதுவாகச் சொன்னார். அந்தச் சிற்பிக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தெளிந்ததும், டாக்டர் மூன்றாம் பக்கத்தில் அந்த வரியையும், ஒன்பதாம் பிரிவையும் ஸ்கேல் வைத்து அடித்தார். இருவரும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். திரை விலகியது. ஓவியர் தன் படத்தை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. காமிராவைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலைந்து போட்டோ எடுத்தார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். பதிப்பகம் ஒரு பாரம் அனுப்பாமல் இருந்திருந்தால். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. ஒரே பக்கம். நாலாவது கேள்வி: 'இந்த ஓவியம் வேறு ஒருவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரையப்பட்டதா? ஆம் என்றால், எடுத்தவரின் சம்மதமும் கையெழுத்தும் தேவை.'

'இல்லை' என்று பென்சிலால் எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். யாருக்குத் தெரியப் போகிறது? உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இதுவரை வாயைத் திறந்ததில்லை, இனியும் திறக்கப் போவதில்லை. 'ஆம்' என்று எழுதினால் மூன்று கண்காட்சிகளில் சொன்ன பஸ் கதை என்னாவது? முந்தின நாள் கிளினிக்கில் பட்டது போதாதா? மணி நாலானது. மறுபடியும் அழித்தார். தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிற்று.

நாலேகாலுக்கு டீச்சர் வந்தார். பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஓவியர் பாரத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்னது?"

"சும்மா ஒரு பாரம். ஒரு கையெழுத்து போடணும் நீ."

"சும்மான்னா நான் எதுக்கு?" டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். கணக்கைப் படிப்பதுபோல் மறுபடி ஒருமுறை படித்தார். நாலாவது கேள்வியின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அங்கே என்ன எழுதி எத்தனை தடவை அழித்திருக்கிறது என்பதை அவர் விரலே சொல்லிவிட்டிருக்கும். இருபது வருடமாக விடைத்தாள் திருத்துகிற விரல்.

"எந்த அளவுல போடுவாங்களாம்?"

"முன் அட்டை முழுக்க."

"எத்தனை காப்பி?"

"ரெண்டாயிரம்."

"முதுகு அட்டைக்கும் சுத்தி வருமா?"

"ஏம்மா மானத்தை வாங்கறே!"

"மூணு கண்காட்சி" என்றார் டீச்சர். "மூணுலயும் உங்க பக்கத்துலதான் நின்னேன். நீங்க பஸ்ல போன கதையைக் கேட்டுக்கிட்டு. ரெண்டாவதுல நனைஞ்சீங்க. மூணாவதுல குடையை வேற பஸ்லயே மறந்து வெச்சீங்க. நம்ம வீட்டுல குடையே கிடையாது."

"அப்பவே கேட்டிருக்கக் கூடாதா நீ?"

"நான் எதுக்குக் கேக்கணும்? நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

இரண்டு வருடத்துக்கும் மேல். ஓவியர் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல், டாக்டர், பதிப்பகம் என்று ஊரில் இருப்பவர்களிடமெல்லாம் கேள்வி கேட்ட வாய், ஒரே கூரைக்குக் கீழே இருப்பவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்விக்குத் திணறியது.

"நீ எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் வரைஞ்சேன். அதை அட்டையில போடலாமா?"

"போடலாம்" என்றார் டீச்சர். "என் பேரும் வரணும். சின்னதா இருந்தாலும் சரி. தபால் தலை அளவுல வேண்டாம்."

கையெழுத்துப் போட்டார். ஓவியருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் நாக்கும் வந்துவிட்டது.

"எல்லாரையும் கேட்டாச்சு. அந்தச் சக்கரத்துக்காரர் ஒருத்தரைத்தான் யாரும் கேக்கலை, பாவம்."

"நான் கேட்டேனே."

"எப்போ?"

"அப்பவேதான். அவரு முழிச்சதும் போனைக் காட்டினேன். 'உங்களைக் கேக்காம எடுத்துட்டேன், வேண்டாம்னா அழிச்சுடறேன்'னேன். கொஞ்ச நேரம் பார்த்தாரு. 'இருக்கட்டும்மா, நான் தூங்கறதை நான் பார்த்ததே இல்ல'ன்னு சிரிச்சாரு. சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஸ்டாப்ல இறங்கிட்டாரு."

ஓவியர் பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாலே முக்காலுக்கு, மெலிந்துபோன தாளில் 'ஆம்' என்று பேனாவால் எழுதி, போட்டோவோடு அனுப்பினார்.

புத்தகம் வந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் டீச்சரின் பெயர் முதலிலும் ஓவியர் பெயர் அடுத்ததாகவும் இருக்கிறது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அறையில் டீச்சர் அதைக் காட்டியிருக்கிறார். நாலு பேர் போட்டோ எடுத்தார்களாம். ஓவியர் திருந்திவிட்டாரா என்றால், நல்ல கேள்வி கேட்டீர்கள்! இந்த இனம் திருந்தாது. அடுத்த கண்காட்சியிலும் முதுகுகளுக்குப் பின்னால்தான் நிற்கிறார். ஒரே ஒரு மாற்றம். யாராவது "எங்க பார்த்தீங்க இந்த ஆளை?" என்று புத்தக அட்டையைக் காட்டிக் கேட்டால் கண்ணை மூடுவதில்லை. "என் வீட்டுக்காரம்மா பார்த்தாங்க" என்கிறார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது.

இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். இதில் நீங்கள் சிரித்த இடங்களில் பாதி டீச்சர் சொன்னவை. அவரைக் கேட்டுத்தான் எழுதினேனா என்று என்னைக் கேட்காதீர்கள். முதலில் உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் ஓவியர் இல்லை, ஒப்பந்தம் எழுதுகிறவர் இல்லை, யாருடைய பெயரையும் அடியிலிருந்து வெட்டி எறிந்தவர் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் வீட்டில் எல்லோரும் சூழ்ந்திருக்க ஒரு கதை சொன்னீர்களே, உங்களுக்கே நடந்ததாக, கைகளை எல்லாம் ஆட்டிக்கொண்டு? எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது உங்கள் பக்கத்தில் ஒருவர் மட்டும் சிரிக்காமல், ஒன்றும் சொல்லாமல், உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாரே. கவனித்தீர்களா?